கேட்டருகே பத்து விநாடி

மைத்துனருக்குச் சித்தூரில் மாம்பழ மண்டி. குடியிருப்பது திருப்பதியில், சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி. தோத்தாபுரி சீசனில் இரவெல்லாம் வண்டி வரும் என்பதால் கேட்டருகே ஒரு நெட்வொர்க் கேமரா பொருத்தினார். கம்பி இழுக்கச் சோம்பல்பட்டு வைஃபை. பொருத்த வந்த பையன் ரெக்கார்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து, "டிசிபியா, யுடிபியா சார்?" என்று கேட்டான். "எது சீக்கிரம் வருமோ அதைப் போடுப்பா" என்றார் மைத்துனர்.

ஒரு ஜூன் இரவு முப்பது கிரேட் பழம் போயிற்று. பதிவை ஓட்டிப் பார்த்தோம். வயதான காவலாளி கேட்டைத் திறக்கிறார். உடனே திரை முழுக்கச் சாம்பல் நிறக் கட்டங்கள். பத்து விநாடி கழித்துப் படம் தெளியும்போது ஒரு வேனின் பின்விளக்கு மட்டும். வண்டி எண் இல்லை, ஓட்டியவன் முகம் இல்லை. தெளிவாக விழுந்திருந்தது ஒரே முகம். சந்தேகம் அதன் மேல் விழுந்தது.

அந்தப் பத்து விநாடி எங்கே போயிற்று?

இத்தகைய கேமராக்கள் பேசுவது ஆர்டிஎஸ்பி என்ற மொழி. கொலம்பியா பல்கலைக்கழகம், நெட்ஸ்கேப், ரியல்நெட்வொர்க்ஸ் மூன்றையும் சேர்ந்தவர்கள் எழுதி 1998 ஏப்ரலில் வெளியிட்டது. அது படத்தைச் சுமப்பதில்லை. "ஓட்டு, நிறுத்து" என்று ரிமோட் கன்ட்ரோல் மாதிரி கட்டளையிடும், அவ்வளவே. படம் எந்த வண்டியில் வரவேண்டும் என்பதுதான் பையன் கேட்ட கேள்வி.

மொழிபெயர்ப்பில் பிழைக்கும் எனக்கு இது பழகிய சங்கடம். நாவலில் ஒரு சொல் பிடிபடாவிட்டால் நின்று, அகராதியைப் புரட்டி, பிறகுதான் அடுத்த வரி. டிசிபி அந்த ரகம். வழியில் தொலைந்த பொட்டலத்தை மறுபடி கேட்டு வாங்காமல் நகராது. டெல்லித் தலைவரின் மேடைப் பேச்சை உடனுக்குடன் தமிழாக்குபவருக்கு அந்தச் சலுகை கிடையாது. நாலு சொல் நழுவினால் நழுவட்டும், தலைவர் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டார். அது யுடிபி.

மேடைக்காரர் தாழ்ந்தவர் என்றில்லை. 2025 ஜனவரி 8 அன்று இதே திருப்பதியில் வைகுண்ட துவார தரிசன டோக்கனுக்குக் காத்திருந்த கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு ஆறு பேர் இறந்தார்கள். அப்படி ஒரு கூட்டத்தைக் கண்காணிக்கும் அறைக்கு, தவணையில் வரும் துல்லியமான படத்தைவிட, அங்கங்கே சிதைந்தாலும் இந்த விநாடியின் படம்தான் வேண்டும். மோசமான இணைப்பில் டிசிபி பின்தங்கிக்கொண்டே போகும்.

ஆனால் மண்டி ரெக்கார்டருக்கு என்ன அவசரம்? அதை மறுநாள் காலையில்தானே பார்க்கப்போகிறோம்!

இன்னொரு தவறும் சேர்ந்துகொண்டது. கேமரா ஒவ்வொரு முறையும் முழுப் படம் அனுப்புவதில்லை. எப்போதாவது ஒரு முழுப் படம். நடுவில், மாறியது எதுவோ அது மட்டும். 2003இல் வந்த ஹெச்.264, 2013இல் வந்த ஹெச்.265 இரண்டும் இப்படித்தான் இடத்தை மிச்சம் பிடிக்கின்றன. முழுப் படம் சிதைந்தால் அடுத்தது வரும்வரை சாம்பல்தான். நான்கு மெகாபிட் வேகத்தில் ஒரு கேமரா நாளொன்றுக்கு 43 ஜிகாபைட் விழுங்கும். அதற்குப் பயந்து பையன் அந்த இடைவெளியை 250 என்று வைத்திருந்தான். விநாடிக்கு 25 படம். வகுத்துப் பாருங்கள்.

இப்போது ரெக்கார்டருக்கு டிசிபி, இடைவெளி 50. கேமராவுக்குள்ளேயே ஒரு மெமரி கார்டும் உண்டு, இணைப்பு அறுந்தாலும் பதிவு நிற்காது. செல்போனுக்குத் தனியாகச் சின்னப் படம், யுடிபியில். கேட்டுக்கு ஒருவழியாகக் கம்பியும் இழுத்தாயிற்று. முதல் நாளே செய்திருந்தால் பாதி வம்பு இருந்திருக்காது.

பையன் எல்லாவற்றையும் மாற்றிய அன்று மைத்துனர் காவலாளிக்கு ஆள் அனுப்பினார். அவர் பலமனேர் பக்கம் மகள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். வரமாட்டேன் என்று சொல்லியனுப்பினார். அந்த மாதச் சம்பளத்தை மட்டும் மகளிடம் கொடுத்துவிட்டு வந்தார்கள்.