பூட்டிய படலையும் எழுதிய கொப்பியும்

தன் தோட்டத்துக்குப் போய்வர ஒரு விவசாயிக்கு என்ன வேண்டும்? மண்வெட்டியும் கத்தியும் ஒரு போத்தல் தண்ணீரும் போதும் என்போம். பலஸ்தீனத்தின் மேற்குக் கரையில் ஆயிரக்கணக்கான விவசாயிகளுக்கு இவை போதுவதில்லை. இராணுவம் வழங்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். வேலியிலுள்ள படலை அன்றைக்குத் திறக்கப்பட வேண்டும். அங்கே நிற்கும் படைவீரனுக்கு விட மனமும் இருக்க வேண்டும். இம்மூன்றில் ஒன்று தவறினாலும் ஒலிவ மரத்தில் முற்றிய காய் நிலத்தில் விழுந்து அழுகும். பாஸ் எடுத்து வரிசையில் காத்துநின்ற எமது வாசகர்களுக்கு இதனை நீட்டி விளக்கத் தேவையில்லை.

ஆனால் அந்தப் படலைகளின் அருகே வேறு சிலரும் நின்று வந்திருக்கிறார்கள். அவர்கள் படையினருமல்லர், கடந்து செல்ல வந்தவர்களுமல்லர். கையில் ஒரு கொப்பியும் பேனாவும் வைத்துக்கொண்டு, நடப்பதைப் பார்த்து, எண்ணி, எழுதுகின்ற தொண்டர்கள். படலையைத் திறக்க அதிகாரமற்ற இவர்கள் நின்று எழுதுவதால் யாருக்கு என்ன பயன்? இக்கேள்வியை இங்கு சிந்திக்க விரும்புகிறோம்.

முதலில் நிலைமையைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1967-ஆம் ஆண்டுப் போரில் இஸ்ரேல் மேற்குக் கரையைக் கைப்பற்றியது. 1995-இல் கைச்சாத்திடப்பட்ட இரண்டாவது ஒஸ்லோ உடன்படிக்கை அப்பிரதேசத்தை அ, ஆ, இ என மூன்று வலயங்களாகப் பிரித்தது. ஏறத்தாழ 60 சதவீதமான நிலம், அதாவது பயிர்நிலங்களினதும் மேய்ச்சல் நிலங்களினதும் பெரும்பகுதி, இஸ்ரேலின் முழுக் கட்டுப்பாட்டிலுள்ள மூன்றாவது வலயத்துக்குள் அடங்கியது. 2000 செப்டெம்பரில் இரண்டாவது மக்கள் எழுச்சி தொடங்கியதும் வீதிகளெங்கும் சோதனைச் சாவடிகள் பெருகின. 2002-இல் பிரிப்பு மதிலும் வேலியும் எழத் தொடங்கின. ஏறத்தாழ 710 கிலோமீற்றராகத் திட்டமிடப்பட்ட அதன் பாதையில் 85 சதவீதம் வரை மேற்குக் கரைக்கு உள்ளேயே செல்கிறது. இதனால் வீடு ஒரு பக்கமும் வயல் மறு பக்கமுமாகப் பல கிராமங்கள் பிளவுபட்டன.

இஸ்ரேல் இதற்குச் சொல்லும் காரணம் பாதுகாப்பு. அதனை நாம் இலேசாக ஒதுக்கிவிட முடியாது. அவ்வெழுச்சியின் ஆண்டுகளில் பேருந்துகளிலும் உணவகங்களிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. ஏறத்தாழ 1,000 இஸ்ரேலியரும் 3,000-க்கு மேற்பட்ட பலஸ்தீனரும் உயிரிழந்தனர். தன் குடிமக்களைக் காக்கும் கடமை எந்த அரசுக்கும் உண்டு. எனினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. தடைகளிற் பெரும்பாலானவை இஸ்ரேலின் எல்லையில் இல்லை. அவை பலஸ்தீனக் கிராமத்துக்கும் அடுத்த பலஸ்தீனக் கிராமத்துக்கும் நடுவில், வயலுக்கும் கிணற்றுக்கும் நடுவில், கர்ப்பிணிக்கும் வைத்தியசாலைக்கும் நடுவில் உள்ளன. 2000-க்குப் பிந்திய சில ஆண்டுகளுக்குள் 60-க்கும் மேற்பட்ட பலஸ்தீனத் தாய்மார் சாவடிகளிலேயே பிள்ளை பெற நேர்ந்ததையும், அப்படிப் பிறந்த குழந்தைகளிற் பலர் இறந்ததையும் ஐ.நா. அறிக்கைகள் பதிவுசெய்துள்ளன. இத்தாய்மாரைத் தடுத்ததால் யாருடைய பாதுகாப்பு உறுதிப்பட்டது?

இக்கேள்வியை முதலில் உரத்துக் கேட்டவர்களுள் இஸ்ரேலியப் பெண்களும் இருந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. 2001-இன் தொடக்கத்தில் மூன்று பெண்கள் சேர்ந்து மக்சோம் வொட்ச் என்ற குழுவை ஆரம்பித்தார்கள். மக்சோம் என்பது எபிரேய மொழியில் தடையையும் சாவடியையும் குறிக்கும் சொல். சில ஆண்டுகளுக்குள் நூற்றுக்கணக்கான பெண்கள் அதில் இணைந்தார்கள். அவர்களுட் பலர் வயதில் மூத்தவர்கள், பேரப்பிள்ளை கண்டவர்கள். சாவடியில் நிற்கும் படைவீரனோ அவர்களுடைய பேரன் வயதினன். அவர்களுடைய மொழியையே பேசுபவன். தன் வீட்டுப் பாட்டி போன்ற ஒருத்தி அருகில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு முதியவரை அவமதிக்க அவனுக்குச் சற்றேனும் கை கூசும். இந்தக் கூச்சத்தை நம்பியே அவர்கள் அங்கே போய் நின்றார்கள்.

மறுபுறத்தில் எருசலேமின் திருச்சபைத் தலைவர்கள் உலகக் கிறிஸ்தவர்களிடம் துணைவேண்டி விடுத்த அழைப்பை ஏற்று, உலகத் திருச்சபைகள் மன்றம் 2002-இல் ஒரு துணைநிற்றல் திட்டத்தைத் தொடங்கியது. பல நாடுகளிலிருந்து வந்த தொண்டர்கள் ஏறத்தாழ மூன்று மாத காலம் பலஸ்தீனக் கிராமங்களிலும் நகரங்களிலும் தங்கினார்கள். விடியுமுன் எழுந்து, வேலைக்குப் போகும் தொழிலாளருடன் பெத்லேகேம் சாவடிக்குச் சென்றார்கள். ஒலிவ அறுவடைக் காலத்தில் விவசாயிகளுடன் வேலிப் படலைகளில் நின்றார்கள். சாவடியைக் கடந்து பள்ளி செல்லும் பிள்ளைகளுடன் நடந்தார்கள்.

அவர்கள் எழுதியவை பெரிய விடயங்களல்ல. படலை எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும், எத்தனை மணிக்குத் திறந்தது. சுழல்வாயில்களில் எத்தனை இயங்கின. ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் கடந்தார்கள். முதியோருக்கும் நோயாளருக்கும் என்று வைத்த தனிவாயில் திறந்திருந்ததா. திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர், சொல்லப்பட்ட காரணம் என்ன. ஒரு நாட் குறிப்பை மட்டும் வாசித்தால் இது ஒரு கடைக்காரரின் கணக்குப் போலத்தான் தெரியும். அதையே ஆண்டுக்கணக்காகச் சேர்த்துப் பார்த்தால் ஒரு மக்களின் களவாடப்பட்ட நேரம் அங்கே கணக்காகி நிற்கும். ‘அன்றைக்கு மட்டும் ஏதோ தாமதம்’ என்று அதிகாரி சொல்லும் பதில் அந்தக் கணக்கின் முன் நிற்காது.

ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்காட்டலாம். 2004 நவம்பரில் நாப்லுஸ் நகருக்கு அருகிலுள்ள பெய்த் இபா சாவடியில் பலஸ்தீனர் ஒருவர் படையினர் முன்னிலையில் வயலின் வாசிப்பதை மக்சோம் வொட்ச் தொண்டர் ஒருவர் படம்பிடித்தார். வாசிக்கும்படி தமக்குச் சொல்லப்பட்டதாக அவர் கூறினார். அவர் தாமாகவே வாசித்தார் என்றது இராணுவம். படம் வெளிவந்ததும் இஸ்ரேல் முழுவதும் பெரும் விவாதம் எழுந்தது. நாற்சி வதைமுகாம்களில் யூத இசைஞர்கள் வாசிக்க வைக்கப்பட்டதைப் பலர் நினைத்துத் துணுக்குற்றார்கள். பார்த்துப் பதிவுசெய்ய ஒருவர் அங்கு இல்லாதிருந்தால், அந்த மனிதர் தம் வயலினை மூடிக்கொண்டு வீடு போயிருப்பார்; செய்தியும் அவருடனேயே போயிருக்கும்.

இப்பணிக்கு எதிரான வாதமும் உண்டு. அதனை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கண்காணிப்பு, சாவடியைச் செம்மைப்படுத்துகிறதேயன்றி அகற்றுவதில்லை என்பதே அவ்வாதம். முறைப்பாடுகள் குவிந்தபோது கூரை போடப்பட்டது, தண்ணீர்க் குழாய் வந்தது. 2019-இல் எருசலேமுக்கும் ரமல்லாவுக்கும் இடையிலுள்ள கலந்தியாச் சாவடி புதுப்பிக்கப்பட்டுத் தானியங்கி வாயில்கள் பொருத்தப்பட்டன, வரிசை குறுகியது. ஆயினும் அனுமதிப்பத்திரம் இல்லாதவருக்கு அந்தப் பளபளக்கும் வாயிலும் பழைய இரும்புக் கம்பியும் ஒன்றுதான். நிழலிற் காத்திருப்பவனும் காத்திருப்பவனே. இந்த விமர்சனத்தில் உண்மை உண்டு. கூரையைப் பெற்றுக்கொடுத்ததோடு தன் கடமை முடிந்தது என்று எண்ணும் தொண்டர், தாம் அறியாமலே படலையின் காவலராகிவிடுவார்.

அதைவிட ஆழமான குறையொன்றும் உண்டு. வரிசைக்கு வந்தவரை எண்ணலாம். வரவே முடியாதவரை எப்படி எண்ணுவது? வேலிக்கு அப்பாலுள்ள தங்கள் நிலத்துக்குச் செல்ல விவசாயிகள் 2018-இல் கொடுத்த விண்ணப்பங்களில் 72 சதவீதம் நிராகரிக்கப்பட்டதை, இஸ்ரேலிய மனித உரிமை அமைப்பான ஹமோகெட் அரசிடமிருந்தே தகவல் கேட்டுப் பெற்று வெளியிட்டது. 2023 அக்டோபர் 7-ஆம் திகதி ஹமாஸ் நடத்திய தாக்குதலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டனர். அதையடுத்த போர் காஸாவைச் சிதைத்தது. மேற்குக் கரையிலோ இஸ்ரேலுக்குள் சென்று வேலை செய்வதற்கான அனுமதிகள் பெரும்பாலும் இரத்தாகின. வரிசை இல்லாமற் போனதை விடுதலை என்று யாரும் கொள்ளலாகாது. ஐ.நா. மனிதாபிமான அலுவல்கள் ஒருங்கிணைப்பு அலுவலகத்தின் கணக்கின்படி 2023-இன் தொடக்கத்தில் 565 ஆக இருந்த வீதித் தடைகள், 2025-இன் தொடக்கத்தில் 849 ஆகின. 2023 பருவத்தில் மட்டும் 96,000 துனாமுக்கு மேற்பட்ட ஒலிவ நிலம், அதாவது ஏறத்தாழ 24,000 ஏக்கர், அறுவடை செய்யப்படாமற் கிடந்தது.

இவ்வளவுக்குப் பின்னும் அந்தக் கொப்பிக்கு மதிப்பு உண்டா? உண்டு என்பதே எமது கருத்து. அதற்கான காரணம் விவசாயிகளாகிய உங்களுக்கு உடனே விளங்கும்.

1858-ஆம் ஆண்டின் ஒட்டோமன் நிலச் சட்டம் மேற்குக் கரையில் இன்னும் பிரயோகத்தில் உள்ளது. ஒரு வகை நிலம் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பயிரிடப்படாது கிடந்தால் அரசு அதனை எடுத்துக்கொள்ள அச்சட்டத்தில் இடமுண்டு. 1980-ஐ அண்டிய ஆண்டுகளிலிருந்து இஸ்ரேல் இச்சட்டத்தைப் பயன்படுத்திப் பெருமளவு நிலத்தை அரச நிலமென அறிவித்திருக்கிறது. இப்போது படலையை நினைத்துப் பாருங்கள். படலை பூட்டியிருப்பதால் விவசாயி போகவில்லை. போகாததால் நிலம் தரிசாகிறது. தரிசானதால், ‘இவர் நிலத்தைக் கைவிட்டார்’ என்று ஒருநாள் எழுதப்படலாம் என்ற அச்சம் அவரை விட்டு நீங்குவதில்லை. பூட்டியவர் ஒருவர், கைவிட்டவர் என்ற பெயரோ மற்றவருக்கு!

இந்த அநீதிக்கு எதிராக ஏழை விவசாயியிடம் உள்ள வலுவான மறுமொழி, தாம் வந்தார் என்பதற்கான சாட்சியமே. இன்ன திகதி, இன்ன படலை, காலை இத்தனை மணி, இத்தனை பேர் வந்து நின்றார்கள், படலை திறக்கவில்லை. இதனைத் தம்மோடு தொடர்பில்லாத ஒருவர் தம் கையால் எழுதி வைத்திருந்தால், அது காணி உறுதிக்கு அடுத்த உறுதி போன்றது. கல்கிலியா மாவட்டத்திலுள்ள ஜயூஸ் கிராமத்தின் விளைநிலங்களிற் பெரும்பகுதியும் கிணறுகளும் வேலிக்கு அப்பால் அகப்பட்டன. அக்கிராம மக்கள் தளராமற் படலைக்குப் போனார்கள்; வழக்காடினார்கள்; துணைநிற்கும் தொண்டர்களும் அங்கே தங்கிப் பதிவுசெய்தார்கள். காலம் கடந்து வேலியின் பாதை மாற்றப்பட்டு நிலத்தின் ஒரு பகுதி மீண்டது. முழு நிலமும் மீளவில்லை. ஆனால் தாங்கள் போய்க்கொண்டே இருந்தோம் என்று அவர்களாற் சொல்ல முடிந்தது.

உலக மன்றங்களும் பேசியிருக்கின்றன. மேற்குக் கரைக்குள் மதில் கட்டுவது சர்வதேசச் சட்டத்துக்கு முரணானது என்று சர்வதேச நீதிமன்றம் 2004 ஜூலை 9-ஆம் திகதியும், அப்பிரதேசத்தில் இஸ்ரேலின் இருப்பே சட்டவிரோதமானது என்று 2024 ஜூலை 19-ஆம் திகதியும் கருத்துரை வழங்கியது. அக்கருத்துரைகளால் மறுநாள் ஒரு படலையும் திறக்கவில்லை. எனினும் எந்த நீதிமன்றமும் வெறுங்காற்றிலிருந்து தீர்ப்பெழுதுவதில்லை. எங்கோ ஒருவர் பார்த்து, எண்ணி, எழுதி வைத்ததே அடுக்கடுக்காக மேலேறி அதன் மேசைக்கு வருகிறது.

ஆகவே கொப்பியிடம் அதனாற் கொடுக்க முடியாததை எதிர்பார்க்க வேண்டாம். அது பூட்டை உடைக்காது. நிலத்தைப் பறிக்கும் கைக்கு, ‘ஒருவரும் வரவில்லை, ஒருவரும் கேட்கவில்லை’ என்று சொல்லும் வசதியை மட்டும் அது இல்லாமற் செய்யும். நீதி வரும் நாள் நீதிபதியின் முதற் கேள்வி, ‘எப்போது, எங்கே, யார் கண்டது?’ என்பதாகவே இருக்கும். அதற்கு விடை சொல்லப் பலஸ்தீன விவசாயியிடம் ஒரு கொப்பியாவது இருக்கட்டும்.

தூரத்து நாட்டின் கதை என்று இதனை வாசித்து மடித்துவைத்துவிட வேண்டாம். உங்கள் வீட்டிலும் பள்ளிப் பிள்ளையின் கொப்பியொன்று எழுதாத தாள்களோடு கிடக்கும். உங்கள் காணியின் எல்லை, வைத்த மரங்கள், வெட்டிய கிணறு, நீங்கள் போய்க் கேட்ட நாட்கள், கிடைத்த பதில் ஆகியவற்றைத் திகதியிட்டு அதில் எழுதுங்கள். எழுதத் தெரியாதவருக்குப் பிள்ளை எழுதட்டும். மழைக்கு நனையாத இடத்தில் அதை வையுங்கள்.