கண்ணீருக்குப் பின் எழும் வினா

இலக்கியம் காலத்தின் கண்ணாடி என்று வகுப்பறைகளில் கற்பிக்கிறோம். சிவகாசி, சாத்தூர், விருதுநகர் வட்டாரத்து மாணவர்க்கோ அக்கண்ணாடியில் தெரிவது அயலார் முகமன்று. தம் தாய், தமக்கையர் முகமே. ஆதலின், சமுதாய உணர்வு மிக்க நூல்களை எவ்வாறு படிக்கிறோம் என்பது இம்மண்ணில் பொழுதுபோக்கு வினாவாகாது.

ராஜம் கிருஷ்ணன் அவர்களின் 'கூட்டுக் குஞ்சுகள்' புதினத்தை எண்ணிப் பார்ப்போம். மக்கள் வாழும் களத்துக்கே சென்று பழகி எழுதிய அவ்வம்மையார், தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைக் 'கரிப்பு மணிக'ளிலும், தீப்பெட்டித் தொழிலில் சிக்கிய சிறாரை இந்நூலிலும் பதிவு செய்தார். இதனைப் படிக்குங்கால், விடியுமுன் ஊருக்குள் வந்து நின்ற ஆலைப் பேருந்தும், உறக்கம் கலையாமல் ஏறிய பிள்ளைகளும், குச்சி அடுக்கித் தேய்ந்த விரல்களும் இவ்வட்டார முதியோர் நினைவில் எழாமல் இரா.

கண் கலங்குவது இயல்பே. ஆயினும் கண்ணீரோடு நூலை மூடிவிடுதல் போதாது என்பதே நம் கருத்து. கண்ணீர் ஒரு கொடியவனைத் தேடும்; நல்ல நூலோ காரணத்தைத் தேடச் சொல்லும். 1922-இல் கல்கத்தா சென்று தொழில் கற்ற அய்ய நாடாரும் சண்முக நாடாரும் மறு ஆண்டே சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். வானம் பார்த்த கரிசல் பூமியில் அது பல்லாயிரம் அடுப்புகளை எரிய வைத்தது. விருதுநகரில் பிறந்த காமராசர் 1956-இல் மதிய உணவு தந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்தார். அதன் பின்னரும் ஆலை வாசலில் சிறார் நின்றது ஏன்? பெற்றோரின் கூலி போதுமானதாக இருந்திருப்பின் பிள்ளையின் கூலி எதற்கு? இவ்வினாவே நூல் நமக்குத் தரும் செல்வம்.

1986-இல் சட்டம் வந்தது. சிவகாசி வழக்கில் 1996-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், விதியை மீறிப் பணியமர்த்தும் முதலாளி ஒவ்வொரு பிள்ளைக்கும் 20,000 ரூபாய் செலுத்தக் கட்டளையிட்டது. அந்நாளைய நிலை இன்று பெரிதும் மாறியுள்ளது. எனினும் 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உழைப்பவர் உயிரின் விலை என்ன என்னும் வினா பழையதாகிவிடவில்லை.

இன்னொன்றும் கூறுவோம். பிறர் தொழிலைப் பற்றிய நூலைப் படித்து உருகுதல் எளிது. திண்டுக்கல் தோல் ஷாப்புத் தொழிலாளரைப் பற்றிய டி. செல்வராஜின் 'தோல்' 2012-ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது பெற்றது. தமிழகத் தோல் வணிகத்தில் நம் சமுதாயத்தாருக்கும் பெரும்பங்குண்டு. அந்நூலையும் அதே ஈரத்துடன் படிக்க வல்லோமாயின், அதுவே நேர்மையான வாசிப்பு.

ஆசிரியப் பெருமக்கள் இத்தகு நூல்களை வகுப்பில் விவாதிக்கட்டும். மாணவர்கள் தம் ஊர் முதியோரிடம் கேட்டு எழுதட்டும். தொழில் நடத்தும் பெரியோர்கள், படித்த பின் தம் கூலிப் பதிவேட்டை ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும்.

எழுதியவர் தம் கடமையைச் செய்துவிட்டார். எஞ்சியது படிப்பவர் கடமை.