சிதறால் மலை தரும் பாடம்



அருமனைக்கு அருகே, ரப்பர்த் தோட்டங்களும் மரச்சீனி விளைகளும் சூழ்ந்த சிற்றூர் சிதறால். அதன் திருச்சாரணத்து மலையில் 9-ஆம் நூற்றாண்டில் சமண முனிவர்கள் உறைந்தனர். குணந்தாங்கிக் குரத்தி என்னும் பெண் துறவி அக்கோயிலுக்குப் பொன்னணி அளித்ததை, ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலக் கல்வெட்டு கூறுகின்றது. 13-ஆம் நூற்றாண்டில் அது பகவதி கோயிலாயிற்று. எனினும் தீர்த்தங்கரர் சிற்பங்கள் இன்றும் அப்பாறையில் அமைதியாய் வீற்றிருக்கின்றன.

1982-இல் மண்டைக்காட்டுக் கலவரத்தில், மதத்தின் பெயரால் நம் மாவட்டம் குருதி சிந்தியது. அயலார் வணங்கிய கல்லையும் சிதைக்காது விட்ட முன்னோரின் வழியை நாம் மறந்தோமோ?

பெற்றோரே, விடுமுறையில் பிள்ளைகளை அம்மலைக்கு அழைத்துச் செல்லுங்கள். பிறர் வணங்குமிடத்தில் செருப்பைக் கழற்றி, அமைதியாய் நிற்கக் கற்பியுங்கள்.