பழைய கேம் பெட்டியில் ஸ்டீரியோ கிடைக்குமா?

பள்ளி விடுமுறையில் அலமாரி மேலிருந்து பழைய வீடியோ கேம் பெட்டியை இறக்கிப் புது டிவியில் மாட்டிப் பார்க்கும் வீடுகள் பேராவில் நிறைய. மாட்டியதும் பிள்ளைகள் கேட்பது: "ஏன் ஒரு பக்கம் மட்டும் சத்தம் வருது?"

பெட்டியில் படத்துக்கு ஒரு மஞ்சள் துளை, ஒலிக்கு ஒரு வெள்ளைத் துளை. சிவப்பு கிடையாது. அதனால் டிவியின் வலப்பக்கம் ஊமையாகிவிடுகிறது. ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் ஒயர் ஒன்றைச் சில ரிங்கிட்டில் வாங்கி மாட்டினால் இரண்டு பக்கமும் சத்தம் வரும். பலரும் இதையே ஸ்டீரியோ என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை, ஒரே ஒலிதான் இரண்டு இடத்தில் கேட்கிறது. இடக் காதுக்கும் வலக் காதுக்கும் வெவ்வேறு ஒலி வந்தால்தான் ஸ்டீரியோ.

அப்படியானால் பழைய பெட்டியில் உண்மையான ஸ்டீரியோ கிடைக்கவே கிடைக்காதா? பெட்டியைப் பொறுத்தது.

நின்டெண்டோவின் ஃபேமிகாம் 1983-இல் ஜப்பானில் வெளிவந்தது. நம்மில் பலர் கையில் இருந்தது அது அல்ல. அதே கேசட்டுகள் ஓடும்படி தைவானில் செய்யப்பட்ட மைக்ரோ ஜீனியஸ். சுங்கை சிப்புட் பக்கத் தோட்டத்தில் நாங்கள் இருந்தபோது லயத்து வீடுகளுக்கு வந்து சேர்ந்ததும் அதுதான். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் காலியாகி, குடும்பங்கள் புந்தோங்குக்கும் மெங்லெம்புவுக்கும் பெயர்ந்தபோது மூட்டையோடு மூட்டையாக இந்தப் பெட்டியும் கூடவே வந்தது.

ஃபேமிகாமின் மூளையான 2ஏ03 சில்லுக்குள் ஐந்து குரல்கள் உண்டு. இரண்டு குரல்கள் மெட்டு வாசிக்கும். மூன்றாவது கீழ்ச்சுருதியில் பேஸ் பிடிக்கும். நான்காவது இரைச்சலை வைத்துத் தாளம் போடும். ஐந்தாவது, பதிவு செய்த சின்னச் சின்ன ஒலிகளை ஒலிக்கும். நம் கோயில் மேளம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு நாதஸ்வரம், மற்றதெல்லாம் தவில் பக்கம்.

வேடிக்கை என்னவென்றால், சில்லை விட்டு வெளியே வரும்போதும் இவை பிரிந்தேதான் வருகின்றன. முதல் காலில் இரண்டு நாதஸ்வரங்கள். இரண்டாம் காலில் மீதி மூன்று. அதன் பிறகு பலகையில் உள்ள ரெசிஸ்டர்கள் வழியாக இரண்டும் ஒன்றாகின்றன. அன்றைய வீட்டு டிவிகளில் பெரும்பாலும் ஒரே ஸ்பீக்கர்தான். ஆன்டெனா துளை வழியாகப் போகும் ஒலிக்கும் ஒரே வழிதான். இரண்டாக அனுப்பிப் பயனில்லை என்று கடைசி அடியில் கலந்துவிட்டார்கள்.

கலப்பதற்கு முன்பே பிடித்துக்கொள்வதுதான் இந்த வேலையின் சூட்சுமம். சில்லின் முதல் காலிலிருந்து ஓர் ஒயர், இரண்டாம் காலிலிருந்து ஓர் ஒயர், ஒவ்வொரு ஒயரின் வழியிலும் ஒரு மின்தேக்கி, பிறகு வெள்ளை, சிவப்புத் துளைகள். பலகையிலிருந்து எதையும் கழற்ற வேண்டாம். பழைய மோனோ வழியும் அப்படியே வேலை செய்யும். 1985-இல் வந்த சூப்பர் மாரியோவைப் போட்டால் மெட்டு ஒரு பக்கம், பேஸும் தாளமும் மறுபக்கம் என்று தனித்தனியாகக் கேட்கும்.

ஆனால் இசையமைத்தவர்கள் இப்படிப் பிரித்துக் கேட்பதற்காக எழுதவில்லை. ஹெட்போனில் முழுதாகப் பிரித்துக் கேட்டால் அரை மணி நேரத்தில் தலை கனக்கும். அதனால் அனுபவமுள்ளவர்கள் நடுவில் ஒரு திருகு வைத்து, ஒரு பக்கத்து ஒலியைக் கொஞ்சம் மறுபக்கமும் கசியவிடுவார்கள். அப்போதுதான் காதுக்கு இதமாக இருக்கும்.

இதில் ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. மைக்ரோ ஜீனியஸின் பழைய பெட்டிகள் சிலவற்றில் யூஏ6527 என்ற தனிச் சில்லு, நாற்பது கால்களோடு தெரியும். அதில் இந்த வேலை நடக்கும். பின்னால் வந்த மலிவுப் பெட்டிகளில் எல்லாச் சில்லுகளையும் ஒன்றாக்கி, மேலே கறுப்புப் பிசினை ஊற்றிப் பொட்டு வைத்ததுபோல் மூடிவிட்டார்கள். பலவற்றில் கலப்பதுகூட அந்தப் பொட்டுக்குள்ளேயே முடிந்துவிடும். வெளியே பிடிக்க எதுவும் இருக்காது. ஸ்டீரியோ ஆக்கித் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால், முதலில் மூடியைத் திறந்து சில்லைக் காட்டச் சொல்லுங்கள்.

ஈயப் பற்றவைப்பே தேவைப்படாத பெட்டிகளும் உண்டு. 1989-இல் வந்த கேம் பாயில் ஒரே ஸ்பீக்கர், ஆனால் ஹெட்போன் துளை ஸ்டீரியோ. முதல் வகை சேகா மெகா டிரைவில் பின்புற ஒயர் மோனோ. முன்பக்க ஹெட்போன் துளையில் முழு ஸ்டீரியோ. அங்கிருந்து டிவிக்கோ ஆம்பிளிஃபையருக்கோ ஒரு சாதாரண ஒயர் இழுத்தால் போதும். வீட்டில் இருப்பது இவற்றில் ஒன்றென்றால் இன்று இரவே கேட்டுப் பார்க்கலாம்.

ஃபேமிகாம் வகை என்றால் அவசரம் வேண்டாம். கணினியில் ஓடும் எமுலேட்டர்கள் சிலவற்றில் ஒவ்வொரு குரலையும் இடம் வலமாக நகர்த்தலாம். முதலில் அதில் கேளுங்கள். பிடித்தால் மட்டும் பெட்டியைத் திறக்கலாம். திறப்பதற்கு முன் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள். பழைய பெரிய குழாய் டிவியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். அணைத்த பிறகும் உள்ளே ஆளைத் தாக்கும் மின்சாரம் தங்கியிருக்கும்.

கடைசியாக ஒன்று. புதுத் துளைக்காகப் பெட்டியின் மேல்மூடியில் ஓட்டை போடாதீர்கள். இருக்கிற காற்றுத் துவாரம் வழியாகவே ஒயரை வெளியே எடுக்கலாம். பிடிக்காவிட்டால் இரண்டு ஒயரையும் எடுத்துவிட்டால் பெட்டி பழையபடி ஆகிவிடும். தோட்டத்திலிருந்து நாம் கொண்டுவந்த பொருள்களில் இன்னும் ஓடுகிறவை சிலவே. அவற்றில் ஒன்றைத் தொடும்போது, திரும்பி வர ஒரு வழியை விட்டுவைப்பது நல்லது.