மாத்திரைக்குள் பழம் இல்லை

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் விடுமுறைக்கு ஊர் வரும் மாதங்களில், பாளையங்கோட்டையில் இருக்கும் எங்கள் மருந்துக்கடைக்கு ஒரு வகை டப்பா வந்துகொண்டே இருக்கும். வாங்க வருகிறவர்கள் அல்ல, கையில் வைத்துக்கொண்டு விவரம் கேட்க வருகிறவர்கள் கொண்டுவருவது. வெளியே கொத்துக் கொத்தாகப் புளூபெர்ரி படம். உள்ளே வெள்ளைக் கேப்ஸ்யூல். பெயர் டெரோஸ்டில்பீன் என்றிருக்கும், அல்லது ரெஸ்வெரட்ரால். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், மகள் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்ததை மேசையில் வைத்துவிட்டு, “ஏம்மா, இதப் போட்டா மறதி வராதாம்லா? வயசும் தெரியாதாமே?” என்று கேட்டார். ரத்தம் உறையாமல் இருக்க அவர் தினமும் போடும் வார்ஃபரின் என் கடையிலிருந்துதான் போகிறது.

மருந்தாளுநராக என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினசரி மருந்து எடுக்கும் முதியவர்களுக்கு, மருத்துவருக்குத் தெரியாமல் இந்தக் கேப்ஸ்யூல்களைக் கொடுக்கவே கூடாது. டப்பாவின் மேல் பழத்தின் படம் போடவும் அனுமதிக்கக் கூடாது.

புளூபெர்ரியில் டெரோஸ்டில்பீன் இருப்பது உண்மை. அமெரிக்க வேளாண் துறை விஞ்ஞானிகள் 2004-இல் அதை அளந்து வெளியிட்டார்கள். உலர்ந்த பழம் ஒரு கிராமில் ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவாகத்தான் இருந்தது. கேப்ஸ்யூலில் இருப்பதோ 50 மில்லிகிராம், அதாவது 50,000 மைக்ரோகிராம். அவ்வளவு கிடைக்க 50 கிலோவுக்கும் மேல் உலர்ந்த பழம் வேண்டும். பழத்தில் ஆறில் ஐந்து பங்கு தண்ணீர் என்பதால், பச்சைப் பழமாகக் கணக்குப் போட்டால் 300 கிலோவைத் தாண்டும். இது ஒரே ஒரு கேப்ஸ்யூலுக்கு. இந்த அளவை எந்த மனிதரும் எந்தக் காலத்திலும் பழமாகச் சாப்பிட்டதில்லை. ஆகவே ‘பழம்தானே, என்ன செய்துவிடும்?’ என்ற சமாதானம் இங்கே செல்லாது.

இந்தப் பொருள் நிறைய இருப்பது மரத்தில். 1940-இல் இதை முதலில் பிரித்தெடுத்தது செம்மரக் கட்டையிலிருந்து. அதன் உறவான வேங்கை மரத்தின் வைரத்திலும் உண்டு. வேங்கைக் குவளையில் இரவு தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிக்கும் சர்க்கரை நோயாளிகள் எங்கள் பக்கமும் இருக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1998-இல் வேங்கை பற்றிய ஒரு ஆய்வை வெளியிட்டது. புதிதாகச் சர்க்கரை கண்டறியப்பட்ட 97 பேரில் 67 பேருக்கு 12 வாரத்தில் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. நம்பிக்கை தரும் எண்ணிக்கைதான். ஆனால் வேங்கை எடுக்காத ஒரு குழுவை ஒப்பீட்டுக்கு அதில் வைக்கவில்லை. அதைச் சரியாகச் செய்து பார்ப்பதற்குச் செலவிடும் பணம் வீண் போகாது என்று நினைக்கிறேன்.

ரெஸ்வெரட்ராலின் கதை நீளமானது, அதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். திராட்சைத் தோலில் இருக்கும் இந்தப் பொருள் சிவப்பு ஒயினிலும் இருப்பதாக 1992-இல் தெரியவந்தது. வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் தாராளமாகச் சாப்பிடும் பிரெஞ்சுக்காரர்களுக்கு மாரடைப்பு ஏன் குறைவு என்ற கேள்விக்கு இதுவே விடை என்று பலர் முடிவு கட்டினார்கள். 2003-இல் ஹார்வர்டின் டேவிட் சின்க்ளேர் குழு, ஈஸ்ட் செல்களின் ஆயுளை இது 70 சதவீதம் கூட்டியதாக எழுதியது. 2006-இல், கொழுப்பு உணவு தின்று பருத்த எலிகள் இதனால் கூடுதல் காலம் வாழ்ந்ததாக இன்னொரு ஆய்வு வந்தது. உலகமே பரபரத்தது. சின்க்ளேர் கூட்டாகத் தொடங்கிய சர்ட்ரிஸ் நிறுவனத்தை 2008-இல் கிளாக்ஸோ ஸ்மித்கிளைன் 72 கோடி டாலர் கொடுத்து வாங்கியது.

பிறகு நடந்தவை டப்பாவில் வராது. ரெஸ்வெரட்ராலை அதிக அளவில் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு, சிலருக்குச் சிறுநீரகம் செயலிழந்ததால் 2010-இல் நின்றது. 2013-இல் சர்ட்ரிஸின் அலுவலகத்தையே மூடிவிட்டார்கள். அமெரிக்காவின் தேசிய முதுமை ஆய்வு நிறுவனம், சாதாரண உணவு தின்னும் எலிகளை வைத்து மூன்று ஆய்வகங்களில் ஒரே நேரத்தில் சோதித்தது, ஆயுள் கூடவில்லை. இத்தாலியில் கியாந்தி என்ற ஒயின் வட்டாரத்தில் 783 முதியவர்களை 1998 முதல் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களுடைய சிறுநீரில் ரெஸ்வெரட்ராலின் தடயம் எவ்வளவு என்று அளந்து வைத்துக்கொண்டு, யாருக்கு இதய நோய் வந்தது, யாருக்குப் புற்றுநோய் வந்தது, யார் இறந்தார்கள் என்று பார்த்தார்கள். அதிகம் இருந்தவர்களுக்கும் குறைவாக இருந்தவர்களுக்கும் வித்தியாசம் இல்லை என்று 2014-இல் முடிவு வந்தது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது கோபன்ஹேகன் ஆய்வு. வயது 65-ஐ ஒட்டிய 27 ஆண்களுக்கு எட்டு வாரம் கடுமையான உடற்பயிற்சி. பாதிப் பேருக்குத் தினம் 250 மில்லிகிராம் ரெஸ்வெரட்ரால், மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை. வெறும் மாத்திரை போட்டவர்களுக்கு ரத்த அழுத்தம் இறங்கியது, மூச்சுத் திறன் நன்றாகக் கூடியது. ரெஸ்வெரட்ரால் போட்டவர்களுக்கு அந்த அளவுக்குப் பலன் இல்லை. சின்ன ஆய்வுதான். ஆனாலும், தினம் விடிகாலையில் மைதானத்தில் நாலு சுற்று நடக்கும் மனிதருக்கு நான் எந்தத் தைரியத்தில் இதைச் சிபாரிசு செய்வேன்?

டெரோஸ்டில்பீன் பற்றி மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் மிகக் குறைவு. மிசிசிப்பியில் கொழுப்பு அதிகமுள்ள 80 பேரிடம் நடந்ததில், அதிக அளவு எடுத்தவர்களுக்கு ரத்த அழுத்தம் சற்றுக் குறைந்தது. கூடவே எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு ஏறியது. கொழுப்புக்காக அடோர்வாஸ்டாட்டின் போடுகிறவருக்கு இது எவ்வளவு முக்கியமான செய்தி!

வாத்தியாருக்கு நான் சொன்னது வார்ஃபரினைப் பற்றி. உடலில் மருந்துகளை உடைத்து வெளியேற்றும் நொதிகள் கல்லீரலில் இருக்கின்றன. ஆரோக்கியமானவர்களுக்குத் தினம் ஒரு கிராம் ரெஸ்வெரட்ரால் நான்கு வாரம் கொடுத்தபோது, அந்த நொதிகளில் சிலவற்றின் வேகம் குறைந்ததை அரிசோனா ஆய்வாளர்கள் 2010-இல் பதிவு செய்தார்கள். வார்ஃபரினை உடைக்கும் நொதியும் அதில் ஒன்று. மருந்து உடலில் தங்கினால் ரத்தம் தேவைக்கு மேல் இளகும். ஈறிலிருந்தும் குடலிலிருந்தும் கசியலாம். முதியவர் தடுக்கி விழுந்தால் தலைக்குள்ளும் கசியலாம். டப்பாவை இதய மருத்துவரிடம் காட்டும்வரை திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். “மக கோவிச்சுக்குவாளே” என்றார். மகளிடம் நானே போனில் பேசினேன்.

பழத்தின் மீது எனக்கு முழு நம்பிக்கை உண்டு. அமெரிக்கச் செவிலியர்களைப் பல்லாண்டு கவனித்த ஆய்வில், வாரத்துக்கு மூன்று முறைக்கு மேல் புளூபெர்ரியும் ஸ்ட்ராபெர்ரியும் சாப்பிட்ட பெண்களுக்கு மாரடைப்பு ஆபத்து மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. பழம் சாப்பிடுகிறவர்கள் மற்ற விஷயங்களிலும் உடம்பைப் பேணுகிறவர்களாக இருக்கலாம் என்பதால், முழுப் பெருமையையும் பழத்துக்கே கொடுக்க முடியாது. ஆனால் பழம் சாப்பிட்டுச் சிறுநீரகம் கெட்டதாக அதில் சேதி இல்லை. அந்தப் பழங்களுக்கு நிறம் கொடுக்கும் அந்தோசயனின், ஆனி ஆடியில் தெருவில் உப்புத் தூவி விற்கும் நாவல் பழத்திலும் இருக்கிறது, கொல்லையில் கறுத்துத் தொங்கும் மணத்தக்காளிப் பழத்திலும் இருக்கிறது.

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி இத்தகைய டப்பாக்களில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று அச்சிட வேண்டும். அது போதாது. ரத்தம் இளக்கும் மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது என்ற வரியை, பழப் படம் இருக்கும் இடத்தில், தமிழிலும் அச்சிட ஆணையம் உத்தரவிட வேண்டும். வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வருவதற்கு அந்த உத்தரவு செல்லாது. அதனால் பிள்ளைகளிடம் கேட்கிறேன்: கடையில் டப்பாவைக் கூடையில் போடுமுன் அப்பாவின் மருந்துச் சீட்டை வாட்ஸ்அப்பில் வாங்கி, அவருடைய மருத்துவரிடமோ ஊரில் மருந்து வாங்கும் கடையிலோ ஒரு வார்த்தை கேளுங்கள்.