செம்பும் சரித்திரமும் ஒரே வகுப்பில்

அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் மாகாணத்திலுள்ள ஓலின் என்ஜினீயரிங் கல்லூரி 2002-ல் வகுப்புகளைத் துவக்கியது. அங்கே இலாகாப் பிரிவுகளே கிடையாது. உலோகங்களைப் பற்றிக் கற்பிக்கும் ஆசிரியரும் சரித்திர ஆசிரியரும் சேர்ந்து ஒரே பாடத்தை நடத்தியிருக்கிறார்கள். அதில் பால் ரிவியரின் பட்டறைக்கும் இடமுண்டு.

1775-ல் நள்ளிரவில் குதிரையேறிப் போய், பிரிட்டிஷ் படை வருவதை எச்சரித்தவர் என்றே ரிவியரைப் பலரும் அறிவார்கள். அவர் வெள்ளி வேலைக்காரர், மணி வார்த்தவர், 1801-ல் செம்புத் தகடு உருட்டும் ஆலை வைத்தவர். கப்பலின் அடிப்பாகத்துக்குப் போர்த்தும் தகடு அதுவரை இங்கிலாந்திலிருந்து வர வேண்டியிருந்தது. உருட்ட உருட்டச் செம்பு ஏன் இறுகுகிறது, காய்ச்சினால் ஏன் இளகுகிறது என்பது உலோகவியல். அதை அன்று அமெரிக்காவிலேயே செய்தாக வேண்டிய அவசியம் ஏன் வந்தது என்பது சரித்திரம். ஒன்றை விட்டால் மற்றது பாதிப் பாடம்தான்.

பல கல்லூரிகள் என்ன செய்கின்றன? நான்கு வருஷப் படிப்பின் ஒரு மூலையில் சமூகவியல் பேப்பர் ஒன்றைச் செருகுகின்றன. மாணவன் அதை முதல் நாள் நெட்டுருப் போட்டுக் கழித்துக் கட்டுகிறான். அது இணைப்பல்ல, வெறும் ஒட்டு.

கணிதத்துக்குரிய நேரம் குறையும் என்ற ஆட்சேபணை நியாயமானதே. ஒரு வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் என்பதும் சில்லறைச் செலவல்ல. ஆகவே ஒரே ஒரு பாடத்தில், ஒரு பருவத்துக்கு மட்டும் பழைய சர்வகலாசாலைகள் இதைச் செய்து பார்க்கலாம். அந்த மணிகள் எந்த இலாகாவின் கணக்கில் சேரும் என்ற தகராறு நிச்சயம் கிளம்பும். அதைத் தீர்த்து வைப்பது துணைவேந்தரின் வேலை.