நடுவயதின் இல்லறம்

கல்லூரிக்கு விழா எடுத்து மகிழும் நாம், இருபத்தைந்தாண்டு நிறைந்த இல்லறத்தைப் பற்றி ஒரு பொழுதேனும் எண்ணிப் பார்க்கின்றோமா? மணவினையைப் புகழ்வோர் பலர். நாற்பதிலும் ஐம்பதிலும் கணவனும் மனைவியும் எவ்வாறு வாழ்கின்றனர் என ஆராய்வோர் சிலரே.

நம் முன்னோர் இதனை மறந்தாரல்லர். திருக்குறளின் காமத்துப்பாலிலுள்ள 25 அதிகாரங்களுள் களவியலுக்குரியன 7, கற்பியலுக்குரியன 18. தொல்காப்பியரோ, இன்பந் துய்த்து அமைந்த பிற்காலத்தில் மக்களோடும் சுற்றத்தோடும் கூடி இருவரும் நல்லறம் பயில்வதையே வாழ்ந்த வாழ்வின் பயனாகக் காட்டினார். காதல் தேய்ந்தொழிவதன்று, உருமாறுவது என்பதே நாம் கொள்ளத்தக்க கருத்து.

இனி, எல்லவிலிருந்து பதுளை வரையுள்ள தோட்டங்களை நோக்குவோம். மக்கள் தொழில் தேடிக் கொழும்புக்குச் சென்றபின், லயத்து அறையில் எஞ்சுவோர் இருவரே. கவ்வாத்து முதலிய வேலைக்குச் செல்லும் கணவன் பெரும்பாலும் பிற்பகலிலேயே திரும்பிவிடுகின்றான். மனைவியோ மாலைக் கொழுந்தை நிறுத்தபின் வந்து அடுப்பை மூட்டுகின்றாள். 1984 ஆம் ஆண்டு முதல் இருபாலார்க்கும் நாட்சம்பளம் ஒன்றே. அடுப்படிக்கு அச்சமன்மை இன்னும் வந்திலது. இளமையில் அவள் பொறுத்த சுமையை, முழங்காலும் இடுப்பும் நோகும் வயதிலும் பொறுக்க வேண்டுமென்பது முறையன்று.

பணமும் ஒரு சோதனையே. 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதியைப் பெறும் உரிமை பெண்ணுக்கு 50 வயதிலும் ஆணுக்கு 55 வயதிலும் உண்டு. மனைவியின் பணம் வருமுன்னரே, மகள் திருமணத்துக்கு இவ்வளவு, பழைய கடனுக்கு இவ்வளவு எனக் கணவன் தனித்துக் கணக்கிடும் இல்லங்கள் உள. முப்பதாண்டு கொழுந்து பறித்தவளை ஒரு சொல்லுங் கேளாது அப்பணத்தைச் செலவிடல் அறமாகுமோ? குடும்பத் தலைவனின் உரிமை அதுவென்பாரும் உளர். தலைமையாவது கேட்டுச் செய்தலேயன்றிக் கேளாது செய்தலன்று.

பழைய மாணவ அன்பர்களே! நம்மிற் பலர் அந்த லயங்களிலிருந்தே கல்லூரிக்கு வந்தோம். இன்று நாமும் அவ்வயதை எய்தியுள்ளோம். முந்தி வந்தவர் உலையை வைத்தலும், இருவர் பணத்தையும் இருவருங் கூடி எண்ணுதலும் சிறு செயல்களே. ஆயினும், பிள்ளைகளின் குரல் ஓய்ந்த வீட்டில் இருவர்க்குமிடையே பேச்சை மீட்டுத் தருவன அவையே. விடுமுறைக்கு வரும் மகன், தந்தை தேநீர் ஊற்றித் தாய்க்குக் கொடுப்பதைக் காண்பானாயின், நாம் வகுப்பில் நடத்தும் இல்லற அதிகாரங்களின் பொருள் அவனுக்கு எளிதில் விளங்கும்.